பாறையில் மூன்று காலை: தனியாக வருபவருக்குக் கன்னியாகுமரி எந்த அளவு உதவும்?

தனியாக ஒரு தீவுக்குப் போய், நாலு நாள் யாரோடும் அதிகம் பேசாமல் இருந்து, உடம்பையும் மனதையும் சீர்செய்துகொண்டு திரும்ப வேண்டும் என்று நினைப்பவர்கள் பாலி, மாலத்தீவு, இலங்கைத் தென்கரை என்றுதான் தேடுகிறார்கள். குமரிக் கரையிலிருந்து சுமார் அரைக் கிலோமீட்டர் தள்ளிக் கடலுக்குள் நிற்கும் விவேகானந்தர் பாறை அந்தத் தேடலில் வருவதே இல்லை. அதை எல்லோரும் ஒரு மணி நேரத்தில் சுற்றிப் பார்த்து, படம் எடுத்து, திரும்பிவிடும் இடமாகவே வைத்திருக்கிறோம். பாஸ்போர்ட் வேண்டாத, படகில் கால் மணி நேரத்துக்குள் போய்ச் சேரக்கூடிய இந்தச் சின்னத் தீவு தனியாக வரும் ஒருவருக்கு என்ன தரும், எதைத் தராது என்று இங்கே பார்க்கலாம். படகுச் சேவை, பாறையிலுள்ள தியான மண்டபம், கரையில் தங்குமிடம், சாப்பாடு, எண்ணெய்ச் சிகிச்சை எல்லாமே இதில் வரும்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். ஒரே நாளில் பாறை, வள்ளுவர் சிலை, கண்ணாடிப் பாலம், கோயில், சூரிய அஸ்தமனம் என்று எல்லாவற்றையும் அடக்கிக்கொண்டு போக வந்தால், மன அமைதி என்ற கணக்கில் ஒன்றும் மிஞ்சாது, களைப்புதான் மிஞ்சும். தொடர்ந்து மூன்று காலை, முதல் படகில், தியான மண்டபத்துக்கென்றே பாறைக்குப் போனால், பணம் கொட்டிக் கொடுக்கும் பல ரிசார்ட்டுகளில் கிடைக்காத ஒன்று இங்கே கிடைக்கும். மூன்று என்ற எண்ணுக்கு முன்னுதாரணமும் உண்டு. 1892 டிசம்பர் 25, 26, 27 ஆகிய மூன்று நாட்கள் விவேகானந்தர் இந்தப் பாறையில் இருந்தார். ஆனால் எங்கள் கணக்கு அதைவிடச் சாதாரணமானது. முதல் நாள் இடம் புதிது, கண் அலையும். இரண்டாம் நாள் உடம்பு அடங்கும். உட்கார வந்த காரியம் மூன்றாம் நாள்தான் நடக்கும்.

படகு

பாறைக்குப் படகு விடுவது தமிழக அரசின் பூம்புகார் கப்பல் போக்குவரத்துக் கழகம். குகன், பொதிகை, விவேகானந்தா என்ற பழைய படகுகளோடு தாமிரபரணி, திருவள்ளுவர் என்ற புதியவையும் உண்டு. வழக்கமாகக் காலை 8 மணிக்குத் தொடங்கி மாலை 4 மணி வரை டிக்கெட் தருவார்கள். சாதாரண டிக்கெட், வரிசையில் நிற்காமல் போகும் சிறப்பு டிக்கெட் என இரண்டு வகை இருக்கிறது. கட்டணம் அவ்வப்போது மாறுவதால் கவுண்டரில் எழுதியிருப்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள். பாறையில் இறங்கியதும் நினைவு மண்டப நுழைவுக்குத் தனியாக ஒரு சின்னத் தொகை வாங்குவார்கள். சில்லறையாக வைத்திருந்தால் அங்கே நின்று நேரம் வீணாகாது.

இந்த நேர அட்டவணையிலிருந்தே ஒரு விஷயத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். பாறையிலிருந்து சூரிய உதயத்தையும் பார்க்க முடியாது, அஸ்தமனத்தையும் பார்க்க முடியாது. இரவு தங்கவும் வழியில்லை. தீவிலேயே விடியலைப் பார்க்கலாம் என்ற எண்ணத்தோடு வருபவர்கள் ஏமாந்துபோவது இதனால்தான். விடியல் கரையில், தியானம் பாறையில் என்று முன்கூட்டியே பிரித்து வைத்துக்கொண்டால் இரண்டும் நன்றாக அமையும்.

முதல் படகுக்கு 7 மணிக்கெல்லாம் வரிசையில் நிற்க வேண்டும். சீசனில் அதற்கும் முன்னால். கார்த்திகை பிறந்ததிலிருந்து தை மகரஜோதி வரை சபரிமலைக்குப் போகும், அங்கிருந்து திரும்பும் ஐயப்ப பக்தர்களால் ஊர் நிரம்பி வழியும். பள்ளி விடுமுறை நாட்களான ஏப்ரல், மே மாதங்களிலும் அப்படித்தான். அந்த நாட்களில் சிறப்பு டிக்கெட் எடுப்பதில் தப்பில்லை. தனியாக வருபவருக்கு வரிசையில் இடம் பிடித்துக் கொடுக்க ஆள் இருக்காது. இரண்டு மணி நேரம் வெயிலில் நின்றுவிட்டுப் போய் உட்கார்ந்தால் தியானம் வராது, தூக்கம்தான் வரும். கூட்டமில்லாத நாட்களில் சாதாரண டிக்கெட்டே போதும்.

படகு ஓடாத நாட்களும் உண்டு. காரணங்கள் இரண்டு. ஒன்று, காற்றும் அலையும். ஜூன் முதல் ஆகஸ்டு வரை தென்மேற்குப் பருவக்காற்று இங்கே பலமாக வீசும். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் அதே காற்றில்தான் முப்பந்தல் காற்றாலைகள் சுழல்கின்றன. அந்த மாதங்களில் படகு பாதியில் நிறுத்தப்படுவது சகஜம். இன்னொன்று, நீர்மட்டம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் கடல் உள்வாங்கினால் படகு பாறையின் தளத்தில் ஒட்டி நிற்க ஆழம் போதாது, தரைதட்டும் ஆபத்து. அதனால் நீர் ஏறும்வரை சேவையைத் தள்ளிப்போடுவார்கள். கடல் பார்வைக்கு அமைதியாகக் கிடக்கும், படகு மட்டும் ஓடாது. வரிசையில் நிற்பவர்கள் ஊழியர்களோடு வாக்குவாதம் செய்வார்கள். அந்த நாளில் கோபப்படாமல் காத்திருப்பதே நல்லது. பயணத் தேதி குறிக்கும்போதே காலண்டரில் திதியைப் பார்த்து, அமாவாசை, பௌர்ணமிக்கு முன்பின் இரண்டு நாளைத் தவிர்த்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. மூன்று காலை வேண்டுமென்றால் நான்கு இரவுக்கு அறை எடுங்கள். ஒரு நாள் கடல் எடுத்துக்கொண்டாலும் கணக்கு கெடாது.

எங்கள் பரிந்துரை ஜனவரி கடைசி வாரம் முதல் மார்ச் முதல் வாரம் வரை, வார நாட்களில். ஐயப்ப சீசன் முடிந்திருக்கும், கடல் பெரும்பாலும் படிந்திருக்கும், வெயிலும் இன்னும் ஏறியிருக்காது.

படகில் உயிர்காப்பு மேலாடை தருவார்கள். பெயருக்குத் தோளில் மாட்டிக்கொள்ளாமல் வார்களை இறுக்கிக் கட்டுங்கள். குமட்டல் வரக்கூடியவர்கள் படகின் நடுப்பகுதியில் உட்கார்ந்து, ஃபோனைப் பார்க்காமல் தொலைவில் கடலும் வானும் சேரும் கோட்டைப் பார்த்துக்கொண்டு வந்தால் போதும். வெறும் வயிறும் கூடாது, நிறைந்த வயிறும் கூடாது. இரண்டு இட்லி அல்லது ஒரு மட்டிப்பழம் (இந்த ஊர்ச் சிறு வாழைப்பழம்) சரியான அளவு. இறங்கும்போது படகு ஏறி இறங்கி ஆடும். ஊழியர் கை நீட்டும்வரை எழுந்து நிற்க வேண்டாம்.

பாறை, தியான மண்டபம்

பாறையில் இரண்டு கட்டடங்கள். தேவி கன்னியாகுமரி ஒற்றைக் காலில் நின்று தவம் செய்ததாகச் சொல்லப்படும் பாதத் தடத்தின் மேல் ஸ்ரீபாத மண்டபம். எதிரே விவேகானந்தர் மண்டபம்; தியான மண்டபமும் அதில்தான். ஏக்நாத் ரானடேயின் முயற்சியில் நாடு முழுவதும் சாதாரண மக்களிடம் நிதி திரட்டிக் கட்டப்பட்ட இதை, 1970 செப்டம்பர் 2 அன்று குடியரசுத் தலைவர் வி.வி.கிரி திறந்து வைத்தார். விவேகானந்தரின் நின்ற சிலை ஸ்ரீபாதத்தைப் பார்க்கும்படி அமைந்திருக்கிறது. இதையெல்லாம் நிதானமாகப் பாருங்கள், ஆனால் முதலில் பார்க்காதீர்கள்.

காரணம் இதுதான். ஒரு படகில் சுமார் 150 பேர் வருவார்கள். இறங்கியதும் அத்தனை பேரும் சிலை மண்டபத்துக்கும் வள்ளுவர் சிலைப் பக்கமும்தான் திரும்புவார்கள். தியான மண்டபத்துக்கு அவர்கள் வந்து சேர நேரம் எடுக்கும். முதல் படகில் வந்து, செருப்பைக் கொடுத்துவிட்டு, நேராகத் தியான மண்டபத்துக்குள் போய்விட்டால் முதல் முப்பது, நாற்பது நிமிடம் ஏறக்குறைய உங்களுக்கே உரியது. அதற்குப் பிறகு கதவருகே ஆள் நடமாட்டம் தொடங்கிவிடும். பத்து மணிக்கு மேல் வந்து, இங்கே அமைதியே இல்லை என்று சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்கள் வந்த நேரம் அப்படி.

உள்ளே வெளிச்சம் மிகக் குறைவு. வெயிலில் இருந்து நுழைந்தால் ஒரு நிமிடம் கண்ணுக்கு எதுவும் தெரியாது. சுவரோரம் நின்று கண் பழகிய பிறகு நடங்கள். ஏற்கெனவே உட்கார்ந்திருப்பவர் மேல் இடித்துக்கொள்வது இங்கே அடிக்கடி நடப்பது. முன்னால் ஓம் எழுத்து மட்டும் ஒளியில் தெரியும். மெல்லிய பிரணவ ஒலி கேட்கும். தரையில்தான் உட்கார வேண்டும். முழங்கால் வலி உள்ளவர்கள் நுழைவிலேயே ஊழியரிடம் சொல்லுங்கள். வழிபாட்டு முறை எதுவும் கட்டாயமில்லை; எந்த மதத்தவரும், எதையும் நம்பாதவரும் உட்காரலாம். பேசக் கூடாது, ஃபோன் கூடாது, படம் எடுக்கக் கூடாது. இவ்வளவுதான் விதி.

இடத்தைத் தேர்ந்தெடுப்பதில் கவனம் வேண்டும். வாசலுக்கு நேராக உட்கார்ந்தால் ஒவ்வொருவர் வரும்போதும் வெளிச்சமும் காலடி ஓசையும் உங்கள் மேல்தான் விழும். முன்பக்க மூலை நல்லது. மெல்லிய பருத்தித் துண்டு ஒன்றை நான்காக மடித்து இடுப்புக்குக் கீழ் வைத்துக்கொண்டால் இடுப்பு முழங்காலைவிடச் சற்று உயர்ந்து, கால் மரத்துப்போவது குறையும். முதல் நாள் பதினைந்து நிமிடம் போதும். இரண்டாம் நாள் இருபத்தைந்து. மூன்றாம் நாள் நாற்பது வரை போகலாம். முன்பழக்கம் இல்லாமல் முதல் நாளே ஒரு மணி நேரம் உட்கார முயல்பவர்கள் முதுகு பிடித்துக்கொண்டு அடுத்த நாள் வராமலே போகிறார்கள். கிளம்புவதற்குப் பத்து நாள் முன்பிருந்தே வீட்டில் காலை பதினைந்து நிமிடம் சும்மா உட்கார்ந்து பழகிவிட்டு வந்தால் பாறையில் அந்த உழைப்பு மிச்சம்.

செய்ய வேண்டியதும் எளிது. மூச்சு உள்ளே போவதையும் வெளியே வருவதையும் மாற்ற முயலாமல் கவனிப்பது, எண்ணம் ஓடினால் கடிந்துகொள்ளாமல் மறுபடி மூச்சுக்கு வருவது. ஏதாவது காட்சி தெரிய வேண்டும், கண்ணீர் வர வேண்டும், பெரிய முடிவு பிறக்க வேண்டும் என்று எதிர்பார்த்து உட்கார்ந்தால் அந்த எதிர்பார்ப்பே சத்தம் போட்டுக்கொண்டிருக்கும். தனியாகப் பயணம் வந்தவர்களிடம் இது அதிகம். செலவு செய்து வந்திருக்கிறோமே என்ற நினைப்பு அவர்களை அவசரப்படுத்துகிறது.

எழுந்ததும் உடனே படகுக்கு ஓடாதீர்கள். வெளியே வந்து பாறையின் தென்பக்கம் பத்து நிமிடம் நில்லுங்கள். அங்கிருந்து தெற்கே பார்த்தால் நிலமே கிடையாது. காலைக் காற்று பலமாக இருக்கும். தொப்பி, துப்பட்டா, கையிலுள்ள தாள் எல்லாவற்றையும் பிடித்துக்கொள்ள வேண்டும். பிறகு நிழலில் உட்கார்ந்து நோட்டில் அரைப் பக்கம் எழுதலாம். பதினொரு மணிக்கு மேல் கருங்கல் தளம் கொதிக்கும். செருப்பில்லாமல் நடக்க வேண்டிய இடம் என்பதால் அதற்குள் கரைக்குத் திரும்பிவிடுவது நல்லது. நடப்பதற்குப் போட்டிருக்கும் விரிப்பை விட்டு இறங்கினால் பாதம் பொத்துப்போகும்.

வள்ளுவர் சிலையும் கண்ணாடிப் பாலமும் அமைதிக்கான இடங்கள் அல்ல, ஆனால் ஒரு நாள் பார்க்கத்தான் வேண்டும். 2000 ஜனவரி 1 அன்று திறக்கப்பட்ட சிலை, வை.கணபதி ஸ்தபதியின் கைவண்ணம். அறத்துப்பாலின் 38 அதிகாரங்களுக்கு 38 அடி பீடம், பொருளுக்கும் இன்பத்துக்குமாக 95 அடி சிலை, மொத்தம் 133. முன்பெல்லாம் நீர்மட்டம் குறைந்தால் சிலைக்குப் படகே போகாது. 2024 டிசம்பர் 30 அன்று திறந்த 77 மீட்டர் நீளக் கண்ணாடிப் பாலம் அந்தக் குறையைத் தீர்த்துவிட்டது. பாறையில் இறங்கினால் நடந்தே போய்விடலாம். இதை இரண்டாம் நாள் தியானம் முடிந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள். முதல் நாள் வைத்தால் கவனம் சிதறும், மூன்றாம் நாள் வைத்தால் சேர்ந்தது கலையும்.

தங்குவது

தனியாக வருபவருக்கு முதல் தேர்வு விவேகானந்தபுரம், அதாவது விவேகானந்த கேந்திரத்தின் வளாகம். 1972 ஜனவரி 7 அன்று ஏக்நாத் ரானடே தொடங்கிய இந்த அமைப்பின் தலைமையிடம் இதுதான். ஏறக்குறைய நூறு ஏக்கர், நிறைய மரங்கள், சுதந்திரமாகத் திரியும் மயில்கள், கடற்கரைக்கே போகும் நடைபாதை, சூரிய உதயம் பார்க்க வளாகத்துக்குள்ளேயே ஓர் இடம். தனியறை முதல் பொதுக்கூடம் வரை பல விலைகளில் இடம் உண்டு. சைவச் சாப்பாடு மட்டுமே. மதுவும் புகையும் கூடாது. இரவு வெளியே சுற்றிவிட்டு நினைத்த நேரத்துக்கு வர முடியாது. ஏசி குளிர், நீச்சல் குளம், அறைக்கே வரும் காப்பி என்று எதிர்பார்ப்பவர்களுக்கு இது ஒத்துவராது. விடியலில் தனியாக நடக்க நினைக்கும் பெண்களுக்கு ஊருக்குள் இதைவிட நல்ல இடம் சொல்லத் தெரியவில்லை.

யோகப் பயிற்சி முகாமும் ஆன்மிக முகாமும் ஆண்டில் சில முறை இங்கேயே நடக்கின்றன. சில நாட்கள் முதல் இரண்டு வாரம் வரை போகும். விடியலுக்கு முன் எழுந்து, ஆசனம், பிராணாயாமம், சொற்பொழிவு, உடலுழைப்பு என்று நாள் முழுக்க அட்டவணை. விண்ணப்பிக்கும் முன் முகாம் தமிழிலா, ஆங்கிலத்திலா, இந்தியிலா என்று கேட்டுவிடுங்கள். மொழி புரியாமல் ஒரு வாரம் உட்கார்ந்திருப்பது பெரிய சோதனை. தனிமைதான் வேண்டும் என்பவர்கள் முகாமில் சேர வேண்டாம். அது கூட்டு வாழ்க்கை. ஒழுங்கு கைகூடாமல் தவிப்பவர்களுக்கு முகாம் மிக நல்லது. இரண்டையும் குழப்பிக்கொண்டு சேர்ந்தவர்கள்தான் பாதியில் கிளம்புகிறார்கள்.

ஊருக்குள் கோயிலைச் சுற்றி லாட்ஜுகளுக்குக் குறைவில்லை. ஆனால் அங்கே காலை நாலரை மணிக்கே சூரிய உதயம் பார்க்க மொட்டை மாடிக்கு ஏறும் கூட்டத்தின் சத்தம் தொடங்கிவிடும். கடல் தெரியும் அறைக்குக் கூடுதல் விலை கொடுப்பதைவிட, தெருவைப் பார்க்காத பின்பக்க அறையைக் கேட்டு வாங்குவது தூக்கத்துக்கு நல்லது. இன்னொன்றையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். தனியாக வரும் ஆளுக்கு அறை தரத் தயங்கும் லாட்ஜுகள் கடற்கரை ஊர்கள் எல்லாவற்றிலும் இருக்கின்றன. ஆள் தவறான முடிவு எடுத்துவிடுவாரோ என்ற பயம் அவர்களுக்கு. ஆதார் அட்டையைக் கையில் வைத்திருங்கள். ஒருவர்தான் வருகிறேன் என்று முன்பே ஃபோனில் சொல்லி உறுதி செய்யுங்கள். வீட்டில் ஒருவரின் எண்ணைப் பதிவேட்டில் எழுதிக் கொடுங்கள். பெரும்பாலும் சிக்கல் வராது.

அந்தப் பயத்தில் நியாயமும் இருக்கிறது. மனம் உண்மையிலேயே உடைந்து கிடக்கிற நிலையில், வாழ்வதில் பிடிப்பில்லாத நிலையில், தனியாகக் கிளம்பி வருவதை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். மூன்று நாள் மௌனம் அந்த நோய்க்கு மருந்தல்ல; சில நேரம் அதைக் கூட்டவும் செய்யும். அப்படிப்பட்ட நேரத்தில் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணமில்லை. முதலில் அந்த அழைப்பு, பிறகு மருத்துவர். குமரிக்கு அதற்கப்புறம் வரலாம்.

எண்ணெயும் உழிச்சலும்

குமரி மாவட்டம் வர்மத்துக்கும் (உடலின் உயிர்நிலைப் புள்ளிகளைத் தொட்டுச் செய்யும் வைத்தியம்) சித்த, ஆயுர்வேத வைத்தியத்துக்கும் பேர்போன மண். கோட்டாற்றில் அரசு ஆயுர்வேத மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. பரம்பரை ஆசான்கள் பலர் இன்றும் எலும்பு முறிவுக்கும் சுளுக்குக்கும் கட்டுப் போடுகிறார்கள். அந்தப் பெயரை வைத்துக்கொண்டு சுற்றுலாப் பயணிகளுக்கென்று திறக்கப்பட்ட மசாஜ் கடைகளும் உண்டு. இவற்றைப் பிரித்தறிய மூன்று கேள்விகள் போதும். உழிச்சலுக்கு, அதாவது எண்ணெய் தேய்த்து நீவிவிடுவதற்கு முன், பதிவு பெற்ற மருத்துவர் நாடி, ரத்த அழுத்தம் பார்ப்பாரா? என்ன எண்ணெய் என்று பெயர் சொல்வார்களா? பெண்ணுக்குப் பெண், ஆணுக்கு ஆண் என்று ஆள் இருக்கிறார்களா? மூன்றில் ஒன்றுக்கு மழுப்பலான பதில் வந்தாலும் திரும்பிவிடுங்கள்.

ஒரே நாள் பஞ்சகர்மா என்று பலகை வைத்திருந்தால் அது பஞ்சகர்மா அல்ல. நெய் குடிக்க வைத்து, வியர்க்க வைத்து, கழிச்சல் கொடுத்து, பத்தியம் இருந்து முடிக்க ஒரு வாரம் முதல் மூன்று வாரம் வரை ஆகும் சிகிச்சை அது. மூன்று நாளுக்கு வருபவர் உடல் முழுக்க ஒரு எண்ணெய் உழிச்சல், பிறகு நீராவி, அத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது. சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழிந்திருக்க வேண்டும். காய்ச்சல், கர்ப்பம், மாதவிடாய், கட்டுப்படாத ரத்த அழுத்தம், புதிதாகப் பட்ட காயம் இருந்தால் வேண்டாம். உழிச்சல் முடிந்து அன்றே கடலில் குளிப்பதும், வெயிலில் அலைவதும், மலை ஏறுவதும் கூடாது. உடம்பு தளர்ந்திருக்கும், தலை சுற்றும். இரண்டாம் நாள் பிற்பகல் உழிச்சலுக்கு ஏற்ற நேரம். அன்று மாலை கஞ்சி, இரவு ஒன்பது மணிக்குத் தூக்கம், அவ்வளவுதான். வர்மப் புள்ளிகளில் கை வைக்கிறேன் என்று யாராவது வழியில் சொன்னால் மரியாதையாக மறுத்துவிடுங்கள். தெரிந்தவர் கைக்கு அது மருத்துவம், தெரியாதவர் கைக்கு ஆபத்து.

சாப்பாட்டில் இந்த மாவட்டம் தனியாள் பயணிக்கு மிகவும் அனுசரணையானது. சம்பா அரிசிக் கஞ்சியும் பயறும், ஆப்பம், புட்டும் கடலையும், மரச்சீனிக் கிழங்கு, மதியத்துக்குத் தீயலோ புளிசேரியோ அவியலோடு சோறு. தியானத்துக்கு வந்த மூன்று நாளும் இரவுக்குக் கஞ்சியை விடச் சிறந்தது இல்லை. பழத்துக்கு மட்டியும் செவ்வாழையும். மட்டிப்பழத்துக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. சிறிய பழம், வயிற்றுக்கு இதம், படகேறும் முன் சாப்பிடத் தோதானது. வெயில் காலத்தில் காலையில் அக்கானி, அதாவது பதநீர், கிடைத்தால் விடாதீர்கள். இறக்கி நேரமாகாததா என்று கேட்டுக் குடியுங்கள். வெயில் ஏறிய பிறகு புளித்துப்போகும். நேந்திரங்காய் சிப்ஸ் ஊருக்கு எடுத்துப் போக மட்டும்.

கடல்

எல்லாவற்றையும் விட அழுத்திச் சொல்ல வேண்டியது கடலைப் பற்றித்தான். தனியாக வந்தவர் இந்த மாவட்டத்தில் எந்தக் கடற்கரையிலும் இடுப்பளவு நீரில் இறங்கக் கூடாது. முக்கடல் சங்கமத்தில் குளிக்கச் சுவர் கட்டிய துறை இருக்கிறது, அங்கேயே நனையலாம். பாசி படிந்த பாறைகளில் ஏறிப் படம் எடுப்பது வேண்டாம். சொத்தவிளை, கணபதிபுரம், முட்டம் எல்லாம் பார்க்க அழகான கரைகள். அடிநீரோட்டமும் அங்கே பலமானது.

கள்ளக்கடல் என்று மீனவர்கள் சொல்வதைத் தெரிந்துகொள்ளாமல் இங்கே கடலோரம் உட்காரக் கூடாது. தெற்கே ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால், இந்தியப் பெருங்கடலில் எழும் புயலில் பிறந்த நெடிய அலைகள் பல நாள் பயணித்து வந்து கரையில் திடீரென ஏறும். இங்கே காற்றும் இருக்காது, மழையும் இருக்காது, வானம் தெளிவாக இருக்கும். கள்ளன்போல வருவதால்தான் அந்தப் பெயர். 2024 மே 6 அன்று கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் இப்படித்தான் அடித்துச் செல்லப்பட்டு இறந்தார்கள். ஹைதராபாத்திலுள்ள இன்காய்ஸ் என்ற கடல் தகவல் மையம் கள்ளக்கடல் எச்சரிக்கையை முன்கூட்டியே வெளியிடுகிறது. காலையில் செய்தியைப் பாருங்கள். அதைவிட நம்பிக்கையானது, வள்ளத்தருகே வலை சரிசெய்துகொண்டிருக்கும் மீனவரிடம் "அண்ணாச்சி, இன்னைக்குக் கடல் எப்படி?" என்று ஒரு வார்த்தை கேட்பது. அவர் போகாதே என்றால் போகக் கூடாது. கடலோரப் பாதுகாப்புக்கு 1093, பொது அவசரத்துக்கு 112, பெண்களுக்கு 181 ஆகிய எண்களை வரும் வழியிலேயே ஃபோனில் பதிந்துகொள்ளுங்கள்.

பாறை தவிர மீதி நேரத்துக்கு ஒன்றே ஒன்றைச் சேர்க்கலாம் என்றால் மருந்துவாழ் மலை. பொற்றையடிப் பக்கம், கொட்டாரத்திலிருந்து தூரமில்லை. அனுமன் தூக்கிப் போன சஞ்சீவி மலையின் துண்டு என்பது ஊர்க்கதை. நாராயண குரு தவம் இருந்த பிள்ளைத்தடம் குகை மேலே இருக்கிறது. பாதி வழி படிக்கட்டு, பிறகு பாறை. விடிந்ததும் ஏறி ஒன்பது மணிக்குள் இறங்கிவிட வேண்டும். மேலே குடிக்கத் தண்ணீர் கிடைக்காது, ஒரு லிட்டர் எடுத்துப் போங்கள். குரங்குகள் உண்டு, பையைத் திறந்து வைக்காதீர்கள். வார நாட்களில் ஆள் நடமாட்டம் குறைவு என்பதால் தனியாக ஏறுவது சரியல்ல. ஞாயிறு காலை உள்ளூர் மக்கள் ஏறும்போது அவர்களோடு சேர்ந்து போகலாம். துணை கிடைத்தால் படகு ஓடாத நாளுக்கு இதை வைத்துக்கொள்ளலாம், அந்த நாளும் வீணாகாது. பகவதியம்மன் கோயிலுக்கு விடியற்காலை நடை திறக்கும் நேரம் நல்லது. ஆண்கள் சட்டையைக் கழற்ற வேண்டும். காந்தி மண்டபம், வட்டக்கோட்டை, மாத்தூர் தொட்டிப்பாலம், திற்பரப்பு எல்லாம் குடும்பத்தோடு வரும்போது பார்த்துக்கொள்ளலாம்.

அஸ்தமனம் பற்றி ஒரு திருத்தம். கடலுக்குள் சூரியன் இறங்குவதை ஆண்டு முழுவதும் குமரி முனையில் பார்க்கலாம் என்று நினைப்பவர்கள் அதிகம். ஏறக்குறைய அக்டோபர் முதல் மார்ச் தொடக்கம் வரைதான் அது கடலில் இறங்கும். மற்ற மாதங்களில் சூரியன் வடமேற்கே நகர்ந்துவிடுவதால் கரைக்கும் தென்னைக்கும் பின்னால் மறையும். உதயத்துக்கு இந்தச் சிக்கல் இல்லை. மேகம் மட்டும் வழிவிட வேண்டும்.

வந்து சேர்வது எளிது. சென்னை எழும்பூரிலிருந்து இரவு ரயில் நேரே கன்னியாகுமரிக்கே வரும். நாகர்கோவில் வரை வரும் ரயிலில் வந்தால் வடசேரி பேருந்து நிலையத்திலிருந்து அடிக்கடி பஸ் உண்டு, தூரம் சுமார் இருபது கிலோமீட்டர். பக்கத்து விமான நிலையம் திருவனந்தபுரம். எடுத்து வர வேண்டியவை குறைவு: முழுக்கை பருத்திச் சட்டை, மடித்து உட்காரத் துண்டு, தண்ணீர் பாட்டில், நோட்டு, சில்லறை, ஆதார். பெரிய பையோடு படகேற வேண்டாம், அறையிலேயே விட்டுவிடுங்கள். கடைசி நாள் அறையைக் காலி செய்யும் நேரமும் முதல் படகின் நேரமும் மோதும். முந்தின இரவே வரவேற்பில் சொல்லிப் பையை ஒப்படைக்க ஏற்பாடு செய்தால் மூன்றாம் காலையும் பாறைக்குப் போய், பதினொரு மணிக்குத் திரும்பி, மதியம் சாப்பிட்டுச் சற்று ஓய்வெடுத்து, மாலையில் கிளம்பும் சென்னை ரயிலைப் பிடிக்க நேரம் சரியாக இருக்கும்.